செகாவ் குடித்த குதிரைப் பால்

1901 மே மாதம் மாஸ்கோவில் ரஷ்ய எழுத்தாளர் அந்தோன் செகாவுக்கும் நாடக நடிகை ஓல்கா நிப்பருக்கும் கல்யாணம் நடந்தது. தேனிலவுக்கு அவர்கள் போன இடத்தைக் கேட்டால் சிரிப்பு வரும், கூடவே வருத்தமும் வரும். ஊஃபா மாகாணத்தில் அக்ஸ்யோனவோ என்ற ஊருக்குப் பக்கத்தில் இருந்த காசநோய் சானடோரியம் அது. அங்கே தரும் மருந்து ஒன்றே ஒன்றுதான்: குமிஸ். புளிக்கவைத்த குதிரைப் பால். செகாவே டாக்டர், ஆனாலும் வேறு டாக்டர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு புட்டி புட்டியாகக் குடித்தார்.

ஐரோப்பிய டாக்டர்கள் கண்டுபிடித்த சரக்கு அல்ல இது. புல்வெளி நாடோடிகள் நெடுங்காலமாகக் குடித்துவந்ததுதான். 1253-இல் மங்கோலியர்களைத் தேடிப் போன வில்லியம் ரூப்ரக் என்ற பாதிரியார், முதல் மிடறு உள்ளே போனதும் தமக்கு வியர்த்துக் கொட்டியதாக எழுதிவைத்திருக்கிறார். பிறகு பழகிவிட்டது. நாக்கைச் சுரீரென்று கடித்துவிட்டு, கடைசியில் பாதாம்பாலின் ருசியை விட்டுப் போகுமாம்.

குதிரையைக் கறப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. குட்டி பக்கத்தில் நிற்காவிட்டால் பால் சுரக்காது. மடி சிறியது, ஒரு நாளில் ஐந்தாறு முறை கறக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் கிடைப்பது ஒரு சொம்பு. அதைத் தோல்பையில் ஊற்றி, பழைய குமிஸைப் பிரையாகச் சேர்த்து, கட்டையால் கடைந்துகொண்டே இருப்பார்கள். நம் தயிர்போல இது கட்டியாக உறையாது. குதிரைப் பாலில் கேசீன் புரதம் குறைவு. பசும்பாலில் 4 சதவீதமும் எருமைப் பாலில் 7 சதவீதமும் கொழுப்பு இருக்க, இதில் இரண்டுகூடத் தேறாது.

ஆனால் சர்க்கரையில் குதிரைப் பால் இரண்டையும் மிஞ்சிவிடும். பசும்பாலில் லாக்டோஸ் 5 சதவீதம்வரை என்றால், இதில் ஆறுக்கும் மேல். புளிக்கவைக்காமல் அப்படியே நிறையக் குடித்தால் வயிற்றைக் கலக்கிவிடும். லாக்டோஸை உடைக்கும் லாக்டேஸ் நொதி, பால் மறந்த வயதுக்குப் பிறகு உலகில் பாதிப் பேருக்குமேல் குறைந்துவிடுகிறது. உடையாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய் உப்புசம், பொருமல், பேதி என்று படுத்தும். மங்கோலியர்களில் பெரும்பாலோருக்கும் இதே நிலைதான். ஆனாலும் பாலை நம்பியே காலம் தள்ளினார்கள். தோல்பையில் இருக்கும் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் சர்க்கரையில் கணிசமான பங்கை முன்கூட்டியே தின்றுவிட்டு, புளிப்பையும் சுமார் இரண்டு சதவீத ஆல்கஹாலையும் விட்டுவைக்கும். பால் ஒத்துக்கொள்ளாத நம் வீட்டுப் பெரியவர் மோர்சாதத்தை மட்டும் விடாமல் சாப்பிடுவதும் ஏறக்குறைய இந்தக் கணக்கில்தான்.

ஊஃபா, சமாரா பக்கத்துப் புல்வெளிகளில் வாழும் பஷ்கீர் மக்களின் இந்தக் குடிபானத்தை வைத்து 1858-இல் சமாரா நகருக்கு அருகே முதல் குமிஸ் சானடோரியத்தைத் தொடங்கினார் டாக்டர் நெஸ்தர் போஸ்த்னிகவ். நான்கு வருஷம் கழித்து அந்தப் பக்கம் வந்தவர் எழுத்தாளர் டால்ஸ்டாய். அவருடைய அண்ணன்கள் இருவரைக் காசநோய் கொண்டுபோயிருந்தது. அடுத்தது தானோ என்ற பயம் அவருக்கு. சானடோரியத்தில் தங்காமல் பஷ்கீர்களோடு கூடாரத்தில் தங்கிக் குமிஸ் குடித்தார். 1871-இல் திரும்பவும் வந்து, அந்த மாகாணத்தில் நிலமே வாங்கிவிட்டார். ஒரு மனிதனுக்கு எவ்வளவு நிலம் வேண்டும் என்று கேட்கும் அவருடைய புகழ்பெற்ற கதையில் பஷ்கீர்கள் குமிஸோடு வருவது சும்மா இல்லை.

குமிஸால் காசநோய் குணமானதா? இல்லை. 1882-இல் ராபர்ட் காக் கண்டுபிடித்த அந்தக் கிருமியைக் கொல்ல, 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின் வரும்வரை சரியான மருந்தே கிடையாது. பசியில்லாமல் உருகிக்கொண்டிருந்த நோயாளிக்கு வயிற்றைத் தொந்தரவு செய்யாத உணவும் வெயிலும் ஓய்வும் கிடைத்தன; உடம்பில் சதை பிடித்தது. அதைப் பார்த்து நோயே போய்விட்டதாக நம்பினார்கள். பாலின் மேல் ஏற்றிய புகழில் பாதி, புல்வெளிக் காற்றுக்கும் சும்மா படுத்திருந்ததற்கும் சேர வேண்டியது.

செகாவுக்கும் எடை கூடியது. ஆனால் சானடோரியத்தில் அவருக்குப் பொழுதே போகவில்லை. சொன்ன காலம் முடியும் முன்பே கிளம்பிவிட்டார். 1904 ஜூலையில், 44 வயதில், அதே காசநோயால் ஜெர்மனியில் இறந்தார். ரஷ்யாவில் பஷ்கீர்கள் வாழும் பஷ்கார்தஸ்தானில் நோயாளிகளுக்குக் குமிஸ் கொடுக்கும் சானடோரியங்கள் இன்றும் நடக்கின்றன.