வசனம் இல்லாத உடல்

திருவொற்றியூர் டீக்கடையில் டி.வி.யில் மல்யுத்தம் ஓடிக்கொண்டிருந்தது. "எல்லாம் செட்டப்பு மச்சான்" என்றான் ஒருவன். "அடி வாங்கி வுழுறது நெசந்தானே?" என்றான் இன்னொருவன். இந்த இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்க விரும்புகிறேன்.

ரொலான் பார்த், 1957இல் வெளியான தன் நூலில், தொழில்முறை மல்யுத்தம் விளையாட்டல்ல, காட்சி என்றார். முடிவு முன்பே தீர்மானிக்கப்பட்டதா என்பது பார்வையாளர்களுக்குப் பொருட்டல்ல என்றார். சரிதான். ஆனால் விழுகிறவனுக்கு அது கூலிவேலை. அந்த வேலையைத்தான் ஹாலிவுட் எடுத்துக்கொண்டது. அவன் பேச்சை வெளியே நிறுத்தியது.

ஹவாயில் பிறந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஹெரால்ட் சகாட்டா. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பளுதூக்கி அமெரிக்காவுக்கு வெள்ளி வாங்கித் தந்தவர். பிறகு 'டோஷ் டோகோ' என்ற பெயரில் மல்யுத்தம். 1964இல் 'கோல்ட்ஃபிங்கர்' படத்தில் கொரிய அடியாள் வேடம். தொப்பியை வீசிக் கொல்வான், வசனம் கிடையாது. மின்சாரம் பாய்ந்து சாகும் காட்சியில் நிஜமாகவே கை வெந்தது. டைரக்டர் 'கட்' சொல்லும்வரை சகாட்டா பிடியை விடவில்லை. இதை நடிப்பு என்பதா, தொழில் ஒழுக்கம் என்பதா?

நம்ம ஊர்க் கதை தலிப் சிங் ராணாவுடையது. இமாசலப் பிரதேசத்தின் ஏழைக் குடும்பத்தில் 1972இல் பிறந்தவர். சிம்லாவில் காவலாளி, பிறகு பஞ்சாப் போலீஸ், பிறகு அமெரிக்க மேடையில் 'கிரேட் காளி'. 2005இல் 'தி லாங்கஸ்ட் யார்ட்' படத்தில் கைதி, 2008இல் 'கெட் ஸ்மார்ட்' படத்தில் வில்லனின் அடியாள். 2006இல் மேடையேறியபோது அவருக்காக மேனேஜர் பேசினார். 2007இல் அவர் உலக சாம்பியனான பிறகும் பேச ஒரு மொழிபெயர்ப்பாளர். 2012இல் பிட்யூட்டரி சுரப்பியில் இருந்த கட்டியை அறுவை செய்து எடுத்தார்கள். மேடை அசுர பலம் என்று விற்றதற்கு மருத்துவத்தில் பெயர் நோய்.

இதில் வடசென்னைக்கு என்ன? ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை துறைமுகமும் ஆலைகளும் சுமை தூக்கிய உடல்களால் எழுந்தவை. 1983இல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் வந்தது. பாரம் கிரேனுக்கு மாறத் தொடங்கியது. அதே உடல்கள்தான் ரோசமான குத்துச்சண்டைப் பரம்பரைகளையும் வளர்த்தன. தமிழ் சினிமாவோ அவற்றை நெடுங்காலம் கதாநாயகனிடம் உதை வாங்கும் அடியாள் கும்பலாகவே பார்த்தது. பெயரில்லை, வசனமில்லை.

பா. இரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' (2021) இந்த மௌனத்தை உடைத்தது. துறைமுகத் தொழிலாளி கபிலனுக்குக் குடும்பம் உண்டு, அவமானம் உண்டு, எமர்ஜென்சிக் கால அரசியல் உண்டு; முக்கியமாக, பேச்சு உண்டு. ஆனால் கபிலனாக நின்றவர் ஏற்கனவே நட்சத்திரமான ஆர்யா. கதை வடசென்னைக்கு வந்துவிட்டது. கதாநாயகன் இடம் இன்னும் வரவில்லை.

பிரதிநிதித்துவம் பற்றிப் பேசும் நாம் 'யார் தெரிகிறார்கள்' என்று எண்ணுவதோடு நின்றுவிடுகிறோம். சகாட்டா தெரிந்தார், காளியும் தெரிந்தார். விழுகிறவன் எப்போது பேசுவான் என்பதே கேள்வி. டீக்கடைப் பையன் அதைத்தான் கேட்டான்.