தோட்டத்து மைக் வீட்டுக்கு வந்த வரலாறு

வட சிலாங்கூர்த் தோட்டங்களில் மைக் நெடுங்காலம் பொதுச்சொத்தாகவே இருந்தது. நிர்வாகம், கோயில் கமிட்டி, தொழிற்சங்கம், பள்ளிக்கூடம் என்று யாராவது ஒருவரின் பொறுப்பில் பூட்டி வைக்கப்பட்டிருந்த அந்தக் கருவி, ஒரு குடும்பத்தின் கூடத்துக்குள் நுழைந்து, கம்பியும் இல்லாமல் பாட்டி கையிலிருந்து பேத்தி கைக்கு மாறும் நிலையை அடைய அரை நூற்றாண்டு பிடித்தது. கோல சிலாங்கூரிலோ பெஸ்தாரி ஜெயாவிலோ இன்று கராவோக்கேக்கு வயர்லெஸ் மைக்கும் மிக்சரும் வாங்கப் போகிறவர் சந்திக்கும் கேள்விகள் பலவற்றுக்கு வேர் அந்த வரலாற்றில் இருக்கிறது.

சிலாங்கூர் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் இருப்பது கோல சிலாங்கூர். அங்கிருந்து உள்நாட்டுப் பக்கம் புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. பத்தாங் பெர்ஜுந்தை 2007இல்தான் பெஸ்தாரி ஜெயா ஆனது. பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கோனியே 1917இல் மலாயாவின் முதல் வணிக முறைச் செம்பனைப் பயிரிடலைத் தொடங்கிய தென்னமரம் தோட்டம் இந்த வட்டாரத்தில்தான் உள்ளது. 

பால்மரம் வெட்ட வந்தவர்களில் மிகப் பலர் கங்காணிகள் வழியாகத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள். அவர்கள் கொண்டுவந்த இசைக்கு மின்சாரம் தேவைப்படவில்லை. மாரியம்மன் திருவிழாவுக்கு உருமியும் தப்பும் இருந்தன. மாசியில் காமன் கூத்து நடந்தது. திறந்தவெளியில் கூடியிருக்கும் கூட்டத்தின் கடைசி ஆள் காதுக்கும் எட்ட வேண்டும் என்பதால் கூத்துக்காரருக்குத் தொண்டை வலுவே முதல் தகுதி. பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள். தாலாட்டும் ஒப்பாரியும் பாடிய பெண்களின் குரல், லயம் எனப்படும் தோட்டத்து வரிசை வீட்டின் வாசலைத் தாண்டிப் போக வழியில்லை. யார் பாடலாம் என்பதைக் குரலின் பருமனே தீர்மானித்த அந்த நிலையைத்தான் மைக் பின்னாளில் உடைத்தது. உடனே உடைத்துவிடவில்லை.

மின்சாரம் இல்லாதது ஒரு காரணம். ஈஜோக்குக்குப் பக்கத்திலேயே இருக்கும் பத்து ஆராங் சுரங்கத்திலிருந்து 1915 முதல் 1960 வரை நிலக்கரி வெட்டப்பட்டது. அந்த நிலக்கரியை எரித்துக் கோலாலம்பூரின் பங்சார் மின் நிலையம் நகரத்துக்கு வெளிச்சம் தந்தது. சுரங்கத்தைச் சுற்றியிருந்த தோட்டத்து லயங்களிலோ மண்ணெண்ணெய் விளக்குதான். பின்னர் தோட்டத்து ஜெனரேட்டரிலிருந்து லயங்களுக்கும் கம்பி இழுத்தார்கள். அதுவும் மாலையில் சில மணி நேரத்துக்கு மட்டும். குறித்த நேரத்தில் விளக்கு அணைந்தால் பாட்டும் அணையும்.

பெருக்கப்பட்ட குரலைத் தோட்டத்து மக்கள் பரவலாகக் கேட்கத் தொடங்கியது 1948இல் அறிவிக்கப்பட்ட அவசரகாலத்தில். 1946இல் தொடங்கிய ரேடியோ மலாயா, கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான பிரச்சாரத்தின் பகுதியாகத் தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பேட்டரியில் ஓடும் பொது வானொலிப் பெட்டிகளை வைத்தது. தகவல் துறையின் வேன்கள் ஒலிபெருக்கியோடு வந்து செய்தி சொல்லின, படமும் காட்டின. அரசு பேசியது, மக்கள் கேட்டார்கள். மறுமொழி சொல்ல அந்த வேனில் மைக் இல்லை. ஆனாலும் வானொலியின் தமிழ்ப் பிரிவு வழியாகத் திரைப்பாடல் லயத்துக்குள் வந்துவிட்டது. தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டப்பட்ட தமிழ்ப் படங்கள் அந்தப் பாடல்களுக்கு முகம் கொடுத்தன. மைக்கின் முன் நின்று மெதுவாகப் பாடலாம், மூச்சு விடும் ஓசைகூடப் பாட்டில் சேரும் என்பதைத் தோட்டத்துக் காது கற்றுக்கொண்டது அப்போதுதான்.

அடுத்து வந்தது கோயில் திருவிழாவுக்கு வாடகைக்கு எடுக்கப்பட்ட மைக் செட். ஓர் ஆம்ப்ளிஃபயர், ஓர் இசைத்தட்டுப் பெட்டி, ஒரு மைக், கோயில் கூரையிலும் தென்னை மரத்திலும் கட்டிய கூம்பு ஸ்பீக்கர்கள். ஜெனரேட்டர் இல்லாத இடத்தில் 12 வோல்ட் கார் பேட்டரியே போதும். கூம்பு வெறும் அலங்காரமன்று. அதன் தொண்டையில் இருக்கும் சிறு தகட்டின் அதிர்வை விரிந்த வாய் காற்றுக்குத் திறமையாகக் கைமாற்றுகிறது. அதனால் குறைந்த வாட்டிலேயே வெகுதூரம் கேட்கும். ஆனால் மனிதப் பேச்சுக்கு வேண்டிய நடுத்தர அலைவரிசையைத்தான் அது நன்றாகத் தரும். மிருதங்கத்தின் அடிநாதம் அதில் வராது. பாடகரின் குரல் மூக்கால் பாடுவதுபோல் ஒலிக்கும். மலேசியாவில் பரவலாகப் புழங்கும் தோவா கூம்புகளைச் செய்யும் நிறுவனம் 1934இல் ஜப்பானின் கோபே நகரில் தொடங்கியது. கராவோக்கே பிறந்த ஊர்களில் ஒன்றும் அதே கோபேதான்.

திருவிழா மைக்கில் முதலிடம் அறிவிப்புக்கு. அன்னதான உபயகாரர் பெயர், காணாமல் போன பிள்ளையின் சட்டை நிறம், வரப்போகும் பிரமுகரின் வரவேற்பு எல்லாம் முடிந்த பிறகு, மிஞ்சிய நேரத்தில் பாடத் தெரிந்த இளைஞர்கள் மேடையேறினார்கள். தேவாரம் பாடும் பெண்களுக்கும் பள்ளி மாணவிகளுக்கும் இடம் உண்டு. திரைப்பாடல் பாட வந்த பெண்ணுக்கு அவ்வளவு எளிதில் மைக் கிடைக்கவில்லை. இத்தகைய மேடைகளும் நாடகக் குழுக்களும் மலேசியத் தமிழரிடையே பாடகர்களை வளர்த்தன என்பதில் ஐயமில்லை. மலேசியாவில் தமிழ் நாடகக் குழுவில் பாடி நடித்துப் பழகி, பிறகு சென்னை சென்று, 1977இல் வெளிவந்த '16 வயதினிலே' படத்தின் வழியாகப் பெயர் பெற்ற மலேசியா வாசுதேவன் அதற்குச் சான்று. ஆனால் பக்கவாத்தியம் இல்லாமல் பாடினால் எடுபடாது. இசைக்குழு வைக்கப் பணம் வேண்டும். அந்தத் தடையைத்தான் கராவோக்கே நீக்கியது.

ஜப்பானில் ஷிகேச்சி நெகிஷி 1967இலும், கோபேயில் டைசுக்கே இனோவுவே 1971இலும் தனித்தனியே கராவோக்கே கருவிகளைச் செய்தார்கள். இனோவுவே காப்புரிமை பெறவில்லை. பிலிப்பீன்ஸின் ரோபர்ட்டோ தெல் ரொசாரியோ தம்முடைய கருவிக்குக் காப்புரிமை பெற்றார். 1980களில் கராவோக்கே லேசர் டிஸ்க்கில் வந்தது. அதன் விலை தோட்டத் தொழிலாளிக்கு எட்டாதது. அதே காலத்தில் கேசட்டில் கிடைத்த, பாடகர் குரல் இல்லாத 'மைனஸ் ஒன்' இசை கையில் இருக்கும் ரேடியோ கேசட் பெட்டியிலேயே ஓடியது. பாடகர் பக்கத்தில் நின்று மைக் இல்லாமலே பாடினார்.

உண்மையான திருப்பம் 1993இல் தரப்படுத்தப்பட்ட விசிடி. அரை விரல் கனமுள்ள உறையில் ஒரு படத்தின் பாடல்கள் முழுவதும் அடங்கின. பிளேயரின் விலையும் சில ஆண்டுகளில் வெகுவாக இறங்கியது. கராவோக்கே விசிடிகள் பலவற்றில் ஒரு பக்க ஒலித்தடத்தில் பாடகர் குரலோடு பாட்டும், மறுபக்கத்தில் வெறும் இசையும் பதிந்திருக்கும். ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் பாடகர் மறைந்துவிடுவார். பாட்டைப் பழகும்வரை குரலுள்ள பக்கம், பழகிய பின் வெறும் இசைப் பக்கம் என்று பாடக் கற்றவர்கள் பலர். பிளேயரின் முகப்பிலேயே இரண்டு மைக் துளைகளும் ஓர் எக்கோ திருகும் இருந்தன. அந்தச் சிறு துளைதான் மைக்கைக் கமிட்டியின் பெட்டியிலிருந்து எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தது.

வீடும் அந்தக் காலத்திலேயே மாறிக்கொண்டிருந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்ததில் வேலையாட்களின் தேவை குறைந்தது. 1990களில் தோட்ட நிலங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் கைமாறின. மேரி, நைகல் கார்டனர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் ஆகிய தோட்டங்களின் மக்கள் வீட்டுரிமைக்காக நீண்டகாலம் போராட வேண்டியிருந்தது. லயங்களை விட்டவர்கள் ரவாங், பெஸ்தாரி ஜெயா, கோல சிலாங்கூர்ப் பகுதிகளில் தாமான் எனப்படும் குடியிருப்புகளுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் போனார்கள். லயத்தில் நடுவில் திடலும் கோயிலும் இருந்தன. பாட்டு எல்லாருக்கும் பொது. தாமானில் பக்கத்து வீட்டுக்கும் கூடத்துக்கும் இடையே ஒரு செங்கல் சுவர். அண்டை வீட்டார் மலாய்க்காரராகவோ சீனராகவோ, இரவு வேலை முடிந்து தூங்குபவராகவோ இருக்கலாம். திடலுக்கு ஏற்ற உரப்பு இங்கே தொந்தரவு. வீட்டுக் கராவோக்கே வாங்குவோர் பலர் செய்யும் பெருந்தவறு, திருவிழா நினைவில் பெரிய ஸ்பீக்கரை முதலில் வாங்கிவிட்டு மைக்குக்குக் கடைசியில் சில்லறையை ஒதுக்குவது. 8 அல்லது 10 அங்குல ஸ்பீக்கர் ஒன்றே தாமான் வீட்டுக் கூடத்துக்குத் தாராளம்.

வயர்லெஸ் மைக் புதிய கண்டுபிடிப்பன்று. அமெரிக்காவின் ஷூர் நிறுவனம் 1953இலேயே 'வாகபாண்ட்' என்ற கம்பியில்லா மைக்கை விற்றது. மலிவான சீன மைக்குகள் வந்த பிறகுதான் அது வீட்டுக்கு எட்டியது. தொடக்கத்தில் வந்தவை பெரும்பாலும் விஎச்எஃப் வகை. ஒரே நிலையான அலைவரிசையில் இயங்குபவை. பக்கத்து வீட்டிலும் அதே பெட்டி வாங்கினால் அவர்கள் பாட்டு இங்கே வரும். இப்போது பரவலாக உள்ள யூஎச்எஃப் மைக்குகளில் அலைவரிசையை மாற்றிக்கொள்ள முடியும். வாங்கும்போது கவனிக்க வேண்டிய முதல் வசதி அதுவே. இரண்டு மைக் இருந்தால் இரண்டும் வெவ்வேறு அலைவரிசையில் இருக்க வேண்டும்.

இதிலும் ஒரு வரலாறு குறுக்கிடுகிறது. மலேசியாவில் பழைய அனலாக் தொலைக்காட்சி 2019 அக்டோபர் 31உடன் முடிவுக்கு வந்தது. அது காலி செய்த 700 மெகாஹெர்ட்ஸ் பட்டை கைப்பேசிக்கு ஒதுக்கப்பட்டது. 2021 டிசம்பரில் தொடங்கிய 5ஜி சேவைக்கும் அது பயன்படுகிறது. கைப்பேசிகள் 703 முதல் 748 வரையும், கோபுரங்கள் 758 முதல் 803 மெகாஹெர்ட்ஸ் வரையும் அனுப்புகின்றன. அந்த எல்லைக்குள் இயங்கும் பழைய மைக்கை வைத்துப் பாடினால், பாடுபவரின் சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசியே கரகரப்பை உண்டாக்கலாம். தள்ளுபடியில் கிடைக்கும் பழைய சரக்கு பலமுறை இந்தப் பட்டையைச் சேர்ந்ததாக இருக்கிறது. பெட்டியின் அடியில் அச்சிட்ட அலைவரிசை 694 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் சான்று முத்திரை இருக்கிறதா என்பதையும் பார்த்தே வாங்க வேண்டும்.

மிக்சரின் வேலை மூன்று: மைக்கின் நலிந்த மின்குறியை உயர்த்துவது, கைப்பேசியிலிருந்து அல்லது தொலைக்காட்சியிலிருந்து வரும் இசையோடு அளவறிந்து கலப்பது, கொஞ்சம் எக்கோ சேர்ப்பது. விலை குறைந்த கராவோக்கே மிக்சர்களின் உள்ளே பெரும்பாலும் தைவானின் பிடி2399 என்ற சிறு சில்லு எக்கோவை உண்டாக்குகிறது. குரலைச் சில நூறு மில்லிவினாடி தாமதித்துத் திரும்பத் திரும்பச் சேர்ப்பதே அதன் தொழில். தாமதம் கூடக் கூட இரைச்சலும் கூடும். எக்கோ திருகைக் கடைசிவரை திருப்பிப் பாடும் பழக்கம் கோயில் திடலின் எதிரொலியைத் தேடும் ஆசையாக இருக்கக்கூடும். சொல் கெடுவதால் தமிழ்ப் பாட்டுக்கு அது ஆகாது. ஒவ்வொரு மைக்குக்கும் தனித்தனி ஒலியளவு, தடிப்பு (பேஸ்), கூர்மை (ட்ரெபிள்) திருகுகள் உள்ள மிக்சரே சிறந்தது. மெல்லிய குரலும் கனத்த குரலும் ஒரே வீட்டில் இருக்கும். இரண்டுக்கும் ஒரே திருகு என்றால் மெல்லிய குரல் பழையபடி பின்னுக்குப் போய்விடும்.

கருவியை இணைப்பதில் ஒரு விதியை மீறக்கூடாது. புளூடூத் வழியாகச் செல்லும் ஒலி பொதுவாக 100 மில்லிவினாடிக்கும் மேல் தாமதமாகும். இசை மட்டும் அப்படி வந்தால் கெடுதல் இல்லை. குரல் புளூடூத் வழியாக ஸ்பீக்கருக்குப் போனால் பாடுபவர் தம் குரலைப் பின்னால் கேட்டுத் தாளம் தப்புவார். ஆகவே மிக்சரிலிருந்து ஸ்பீக்கருக்குக் கம்பியே போக வேண்டும். ஊளைச் சத்தம் வராமலிருக்க ஸ்பீக்கரைப் பாடுபவருக்கு முன்னால், மைக்கின் முதுகுப் பக்கம் பார்க்க வைப்பது நல்லது. மைக்கின் வலைத்தலையைக் கையால் மூடிப் பிடிப்பதும் ஊளையைக் கூட்டும். அதன் ஒருதிசைத் தன்மை அப்போது கெட்டுவிடுகிறது.

இன்று பாடல் இசை யூடியூபில் கிடைக்கிறது. ஸ்மியூல் செயலியில் பெஸ்தாரி ஜெயாவில் இருப்பவர் சென்னையில் இருப்பவரோடு இருகுரல் பாட முடிகிறது. கோலாலம்பூரின் ஜாலான் பாசார் கடைகளில் மைக்கும் மிக்சரும் பல விலைகளில் அடுக்கப்பட்டுள்ளன. அங்கே போகிறவர்கள் கையில் உள்ள பணத்தில் முதல் பங்கை இரண்டு நல்ல மைக்குகளுக்கும், அடுத்த பங்கை மிக்சருக்கும், மீதியை ஸ்பீக்கருக்கும் ஒதுக்க வேண்டும். வாங்குமுன் வீட்டிலேயே மிக மெதுவாகப் பாடுகிறவரை உடன் அழைத்துப் போய், அவர் குரலில் சோதித்துப் பார்த்துத் தேர்வு செய்யுங்கள்.