பதுளைக் குளிரும் கனடாக் குளிரும்: விரல் நுனி மின்பொறியிலிருந்து கணினியையும் படங்களையும் காப்பாற்றுவது எப்படி?

கடந்த ஜனவரியில் ஸ்காபுரோவிலிருந்து அக்கா அழைத்தபோது பதுளையில் மூன்று நாளாக மழை. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் அவர் சொன்னது முதலில் விளங்கவில்லை. இரண்டாம் முறை விளங்கியது.

“தங்கச்சி, லப்டொப் செத்துப் போச்சு. தம்பியின்ர படம் அதுக்குள்ளதான் இருக்கு.”

அக்கா என் பெரியப்பாவின் மகள். 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போய்க் குடியேறிய குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. 2009இல் முள்ளிவாய்க்காலைக் கடந்து மெனிக் பாம் முகாமுக்கு வந்தபோது பெரியம்மாவிடம் பொலித்தீன் பையில் சுற்றிய சில பத்திரங்களும் ஒரு படமும் மட்டும் இருந்தன. காணாமல் போன மகனின் படம் அது. பிறகு ஈரம் பட்டு, பிளாஸ்டிக் உறையோடு ஒட்டிக்கொண்டதில் பாதி முகம் அழிந்துவிட்டது. அதற்கு முன்பே நான் அதை ஸ்கேன் செய்து அக்காவுக்கு அனுப்பியிருந்தேன். என்னிடமிருந்த பிரதி பழைய கைத்தொலைபேசியோடு போய்விட்டது. அது என் கவனக்குறைவு. ஆக, முழு முகம் இருந்தது அக்காவின் மடிக்கணினியில் மட்டும்தான்.

கணினி மெதுவாக வேலை செய்கிறது என்று அக்கா புதிய ரெம் வாங்கித் தானே பொருத்தப் பார்த்திருக்கிறார். வெளியே கடும் குளிர். உள்ளே ஹீட்டர். கம்பளி சுவெட்டரும் காலுறையும் போட்டுக்கொண்டு, கார்பெட்டில் உட்கார்ந்தபடி மூடியைக் கழற்றியிருக்கிறார். ரெம் பலகையைத் தொட்டபோது விரல் நுனியில் ‘டிக்’ என்று ஒரு பொறி. அதற்குப் பிறகு கணினி எழும்பவில்லை.

அந்தப் பொறியின் பெயர் நிலைமின்சாரம். பாடசாலையில் சீப்பைத் தலையில் தேய்த்துக் கடதாசித் துண்டைத் தூக்கிக் காட்டினார்களே, அதேதான். குளிர் நாடுகளில் வாழும் நம்மவர்களுக்கும், அவர்களுடைய பழைய கணினிகளை இங்கே வாங்கிப் பயன்படுத்தும் நமக்கும் பயன்படும் என்பதால், இதைப் பற்றி அறிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

இரண்டு குளிரும் ஒன்றல்ல

பதுளையில் குளிர் என்றால் ஈரம். வடகீழ்ப் பருவமழைக் காலமான டிசம்பர், ஜனவரியில் துணி காயாது, சுவர் வியர்க்கும், உப்புப் போத்தல் கசியும். கனடா, நோர்வே, சுவிட்சர்லாந்துக் குளிர் இதற்கு நேர்மாறு. அங்கே வீட்டுக்குள் இருப்பது வறட்சி.

குளிர்ந்த வளி நீராவியை அதிகம் தாங்காது என்பதே காரணம். 20 பாகை செல்சியஸில் ஒரு கன மீற்றர் வளி ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத் தாங்கும். மறை 10 பாகையில் அது 2.4 கிராம் அளவுதான். அந்த வெளி வளி வீட்டுக்குள் வந்து 20 பாகைக்குச் சூடாகும்போது அதிலுள்ள நீராவி கூடுவதில்லை. முழு ஈரத்தோடு வந்த வளியே 14 சதவீத ஈரப்பதனுக்கு இறங்கிவிடுகிறது. சமையலும் குளியலும் நம் மூச்சும் அதைக் கொஞ்சம் உயர்த்தும். ஆனாலும் உதடு வெடிக்கும் அளவுக்கு வறட்சி மிஞ்சும்.

ஊவாவிலும் வறண்ட காற்று உண்டு. தென்மேல் பருவக்காற்று மழையை ஹட்டன், நுவரெலியாப் பக்கம் கொட்டிவிட்டு மலை தாண்டி இறங்கும்போது நமக்குக் கச்சானாக வருகிறது. ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் தருவதும் ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் அந்தக் காற்றுதான். அந்த மாதங்களில் நைலோன் சேலை காலில் ஒட்டுவதையும், இருட்டில் சுவெட்டரைக் கழற்றினால் ‘சடசட’ என்பதையும் கவனித்திருப்பீர்கள். ஆனால் சிமெந்துத் தரையில் வெறுங்காலோடு நடக்கும் நம் உடலில் மின்னேற்றம் அதிகம் தங்காது. கார்பெட்டில் காலுறையோடு நடப்பவருக்கு அது போக வழியில்லை.

தேயிலை ஸ்டோரில் பார்த்த அதே சக்தி

தோட்டத்து ஸ்டோரில் வேலை செய்தவர்களுக்கு இது புதிதல்ல. தேயிலைத் தூளிலிருந்து நாரையும் தண்டையும் பிரிக்கும் யந்திரத்தில் பீவீசி உருளைகள் சுழலும். அவை கம்பளிப் பட்டையில் உரசி மின்னேற்றம் பெறும். கீழே தூள் ஓடும்போது நார் மட்டும் மேலே தாவி உருளையில் ஒட்டிக்கொள்ளும், கறுப்புத் தூள் கீழே போய்விடும்.

உருளையின் இடத்தில் நம் உடலையும் பட்டையின் இடத்தில் கார்பெட்டையும் வைத்துப் பாருங்கள். உரசும்போது ஒரு பொருளிலிருந்து இலத்திரன்கள் மற்றதற்குப் போகின்றன. ஈரமான வளியில் பொருட்களின் மேல் படியும் மெல்லிய நீர்ப்படலம் அந்த ஏற்றத்தை மெல்ல வழிந்தோட விடும். வறண்ட வளியில் அது உடலிலேயே சேர்ந்து, உலோகத்தைத் தொட்ட கணத்தில் ஒரேயடியாகப் பாயும்.

நமக்கு உறைக்காதது சில்லுக்கு உறைக்கும்

ஏறத்தாழ 3,000 வோல்ட்டுக்குக் குறைந்த பொறியை மனித விரல் பெரும்பாலும் உணராது. வறண்ட அறையில் கார்பெட்டில் நடப்பவரின் உடலில் பல ஆயிரம் வோல்ட் சேரலாம். மின்னோட்டம் மிகச் சிறிது, நேரமும் மிகக் குறுகியது என்பதால் ஆளுக்கு ஆபத்தில்லை. ஆனால் கணினிச் சில்லுகளில் 100 வோல்ட்டுக்கும் குறைவான பொறியில் பழுதாகக்கூடியவை உண்டு. அதாவது, நாம் எதையும் உணராமலே ஒரு பாகத்தைக் கொன்றுவிடலாம். சில வேளை அது உடனே சாகாமல் அரைகுறையாகப் பழுதாகி, சில மாதம் கழித்துக் காரணம் தெரியாமல் நின்றுபோகும்.

இதற்காகப் பயந்து தொலைபேசியைத் தொடாமல் இருக்க வேண்டியதில்லை. மூடிய நிலையிலுள்ள தொலைபேசி, தொலைக்காட்சி, கணினி ஆகியவை இத்தகைய பொறிகளைத் தாங்கும்படி சோதிக்கப்பட்டே விற்பனைக்கு வருகின்றன. ஆபத்து பெரும்பாலும் மூடியைத் திறக்கும்போதுதான்.

குளிர் நாட்டு வீட்டில் செய்யக்கூடியவை

• சின்ன ஈரப்பதன்மானி ஒன்று வாங்கி வையுங்கள். குளிர்காலத்தில் 30 முதல் 40 சதவீதம் வரை இருந்தால் பொறி வெகுவாகக் குறையும். யன்னல் கண்ணாடியில் தண்ணீர் வடிந்தால் ஈரம் கூடிவிட்டது என்று பொருள். அப்படியே விட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

• ஈரப்பதனூட்டி வாங்க வசதியில்லையென்றால், துவைத்த துணியை அறைக்குள் காயப்போடுவதும் உதவும். ஈரப்பதனூட்டி வைத்திருப்பவர்கள் அதை அடிக்கடி கழுவ வேண்டும்.

• கணினி மேசையடியில் கம்பளியோ நைலோன் விரிப்போ வேண்டாம். பருத்தி உடுப்பு நல்லது.

• யூஎஸ்பி, ஹார்ட் டிஸ்க் போன்றவற்றைச் செருகுமுன் வெறும் உலோகம் ஒன்றைத் தொட்டுவிடுங்கள். செருகியின் உலோக ஓட்டைப் பிடியுங்கள், உள்ளேயுள்ள தகடுகளில் விரல் படக்கூடாது.

• தொலைக்காட்சித் திரையை உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்க்க வேண்டாம். அணைத்துவிட்டு, இலேசாக நனைத்துப் பிழிந்த மென்துணியால் துடையுங்கள்.

• காரில் விறைத்துப்போன மடிக்கணினியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் இயக்க வேண்டாம். உள்ளே பனித்துளி படியலாம். பையை மூடியபடியே சில மணி நேரம் வையுங்கள்.

கணினியைத் திறக்க வேண்டி வந்தால்

முதலில் அணைத்து, சார்ஜரைக் கழற்றி, முடிந்தால் பற்றரியின் இணைப்பையும் எடுங்கள். கார்பெட்டில் அல்ல, மர மேசையில் வைத்து, நின்றபடி செய்யுங்கள். சுவெட்டரைக் கழற்றிவிடுங்கள். தண்ணீர்க் குழாய் உலோகக் குழாயாக இருந்தால் அதைத் தொடுங்கள். ஒரு தடவை போதாது, ஒவ்வொரு முறை நகர்ந்து வந்த பிறகும் தொட வேண்டும்.

கையில் கட்டும் நிலைமின் பட்டி மலிவு விலையில் கிடைக்கும். அதனுள் ஒரு மெகாஓம் தடை இருக்கிறது. ஏற்றத்தை மெல்ல வெளியேற்றுவதற்கும், தவறுதலாக மின்சாரம் பட்டால் ஆளைக் காப்பதற்கும் அதுதான் வேலை செய்கிறது. அதனால் அந்தப் பட்டிக்குப் பதிலாக வெறும் வயரைக் கையில் சுற்றி பிளக்கின் ஏர்த்தில் கொடுக்கும் வேலையை ஒருபோதும் செய்யாதீர்கள்.

புதிய பாகத்தைப் பொருத்தும் கணம் வரை அதன் வெள்ளி நிறப் பையிலேயே வையுங்கள். பலகையின் ஓரத்தைப் பிடியுங்கள். ரெஜிபோமின் மேலோ சாதாரணப் பொலித்தீன் மேலோ வைக்க வேண்டாம்.

இங்கே ‘சொக்’ அடித்தால் அது வேறு

தோட்ட லயங்களில் “கணினி சொக் அடிக்கிறது” என்று பலர் சொல்வார்கள். ஒரே ஒரு ‘டிக்’கோடு முடிந்தால் அது நிலைமின். செருகியிருக்கும்வரை கூச்சம் தொடர்ந்தால் அது மின்கசிவு. இரண்டு பின் சார்ஜரில் மெல்லிய கூச்சம் வருவதுண்டு. ஆனால் குளிர்சாதனப் பெட்டி, மின்கேத்தல் போன்ற உலோக உடம்புள்ள சாதனத்தில் வந்தால் உடனே மெயின் சுவிட்சை அணைத்து, மின்னியலாளரை அழைக்க வேண்டும். நம்முடைய 230 வோல்ட் மின்சாரம் ஆளைக் கொல்லும். ஏர்த் வயர் சரியாக இருக்கிறதா, ட்ரிப் சுவிட்ச் அதன் சோதனைப் பொத்தானை அழுத்தும்போது விழுகிறதா என்று பாருங்கள்.

நமக்குப் பெரிய எதிரி நிலைமின்னின் மூத்த அண்ணனான இடிமின்னல். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி வழக்கம். வானம் கறுக்கும்போதே தொலைக்காட்சி, ரவுட்டர், சார்ஜர் எல்லாவற்றையும் கழற்றுங்கள். அன்டனா, டிஷ் கேபிளையும் மறக்க வேண்டாம். இடி தலைக்கு மேல் வந்த பிறகு வயரைத் தொடாதீர்கள்.

கணினி செத்தாலும் படம் சாகாது

அக்காவின் கணினியைப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனபோது, புதிய ரெம்மைக் கழற்றிப் பழையதைப் போட்டார். கணினி எழும்பியது. பழுதானது அந்த ஒரு பலகைதான். படங்கள் இருப்பது ரெம்மில் அல்ல, ஹார்ட் டிஸ்க்கில் அல்லது எஸ்எஸ்டியில். ஆகவே கணினி எழும்பவில்லை என்றதும் யாரையும் ‘ஃபோர்மட்’ செய்ய விடாதீர்கள். வட்டைக் கழற்றி வேறு கணினியில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். புதிய மாதிரிகள் சிலவற்றில் சேமிப்பகம் தாய்ப்பலகையோடு ஒட்டியிருக்கும், அதைக் கழற்ற முடியாது. அங்கே முன்கூட்டியே எடுத்து வைத்த பிரதி மட்டுமே காப்பாற்றும்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படத்தை வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் நான் கேட்பது இதுதான். மூன்று பிரதிகள் வையுங்கள். ஒன்று கணினியில், ஒன்று தனி ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று வேறு ஊரில் உள்ள உறவினரிடம். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், ஆவணமாக அனுப்புங்கள். முடிந்தால் ஒரு பிரதியைத் தாளில் அச்சிட்டு, ஈரம் படாத பெட்டியில் வையுங்கள்.

அக்கா அன்றிரவே ஆவணமாக அனுப்பினார். நான் பதுளை நகரத்தில் இரண்டு பிரதி அச்சிட்டேன். ஒன்றைக் கிளிநொச்சியில் பெரியம்மாவின் கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் முகத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இது நனையாதுதானே?” என்று கேட்டார். லமினேட் செய்திருக்கிறேன் என்றேன்.