பூங்காவா, மருத்துவமனையா? பெங்களூரில் ஒரு நிலப் பயன்பாட்டு மாற்றம் (1976–1991)

நிலப் பயன்பாட்டை மாற்றக் கோரும் மனு எதுவும் நகருக்குத் தீங்கு செய்யப்போவதாகச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. பள்ளி, மருத்துவமனை, வேலைவாய்ப்பு என ஏதேனும் ஒரு நன்மையைச் சுட்டியே வருகிறது. ஆகவே மனுவைப் பரிசீலிக்கும் அமைப்பு பெரும்பாலும் இரு நன்மைகளுக்கு இடையில்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தேர்வைச் செய்யும் உரிமை யாருக்கு, எந்த முறையில் என்பதே அடிப்படை வினா. இந்திய நகர்த்திட்ட வரலாற்றில் இவ்வினாவை நேருக்கு நேர் எதிர்கொண்ட வழக்கு, பெங்களூரு மெடிக்கல் டிரஸ்ட் எதிர் பி.எஸ். முத்தப்பா. உச்ச நீதிமன்றம் 1991-இல் அதில் தீர்ப்பளித்தது.

பெங்களூரின் நகர்த்திட்டம் நோய் அச்சத்தோடு பிணைந்து வளர்ந்தது. 1898-இல் நகரைத் தாக்கிய பிளேக், நெருக்கமான பழைய பேட்டைப் பகுதிகளுக்கு வெளியே காற்றோட்டமான குடியிருப்புகள் வேண்டும் என்னும் எண்ணத்தை வலுப்படுத்தியது. பசவனகுடியும் மல்லேசுவரமும் அக்காலத்தில் உருவான விரிவாக்கங்கள். தெருக்களுக்கும் மனைகளுக்கும் அளவு குறிப்பது போலவே திறந்தவெளிக்கும் இடம் ஒதுக்குவது இத்தகைய விரிவாக்கங்களின் மரபாயிற்று. 1945-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நகர மேம்பாட்டு அறக்கட்டளை வாரியம் அமைந்தது. அது வகுத்த திட்டங்களுள் ஒன்று ராஜமஹால் விலாஸ் விரிவாக்கம். இன்று சதாசிவநகர் எனப் பலரும் அறிந்த பகுதி அதில் அடங்கும். அத்திட்டத்தின் வரைபடத்தில் ஓரிடம் பொதுப் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது.

1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வாரியத்தின் பணிகள் பெங்களூரு வளர்ச்சி ஆணையத்திடம் வந்தன. நிறுவனத்தின் பெயரில் இருந்த ‘மேம்பாடு’ மறைந்து ‘வளர்ச்சி’ புகுந்தது. ஆயினும் ‘மேம்பாடு’ என்னும் சொல் சட்டத்தின் உள்ளே ஓர் உட்பிரிவில் தங்கியிருந்தது. இவ்வழக்கின் முக்கியமான முடிச்சு அச்சொல்லில்தான் விழுந்தது.

நெருக்கடி நிலை நடப்பிலிருந்த 1976-இல், மே 27, ஜூன் 11 ஆகிய நாள்களில் மாநில அரசு ஆணைகள் பிறப்பித்தது. அவற்றைப் பின்பற்றி ஜூலை 14 அன்று ஆணையம் ஒரு தீர்மானம் இயற்றி, பூங்காவுக்கான அந்நிலத்தை மருத்துவமனை கட்டுவதற்காக ஒரு தனியார் அறக்கட்டளைக்கு ஒதுக்கியது. முதல் ஆணைக்கும் தீர்மானத்துக்கும் இடையே 48 நாள்கள். அந்த இடைவெளியில் அப்பகுதி மக்களின் கருத்து கேட்கப்படவில்லை. திட்டத்தை மாற்றுவதற்கெனச் சட்டம் வகுத்த வழியும் பின்பற்றப்படவில்லை. முதலமைச்சரின் விருப்பம் ஆணையாகவும், ஆணை தீர்மானமாகவும் மாறின. குடியிருப்போர் உயர் நீதிமன்றம் சென்றனர். தனி நீதிபதி மனுவைத் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அறக்கட்டளை உச்ச நீதிமன்றத்தை அணுகியது.

அறக்கட்டளையின் வாதத்தை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. பூங்காவும் மருத்துவமனையும் மக்களுக்கான வசதிகளே. ஒரு வசதிக்குப் பதில் மற்றொரு வசதி வருவதில் குடியிருப்போருக்கு என்ன இழப்பு? தங்கள் சொந்த உரிமை எதுவும் பறிபோகாத நிலையில் அவர்கள் வழக்குத் தொடுக்கத் தகுதி உடையவர்களா?

நீதிபதிகள் டி.கே. தொம்மன், ஆர்.எம். சகாய் ஆகியோர் இவ்வாதத்தை ஏற்கவில்லை. ஆணையச் சட்டத்தின் 19(4) பிரிவு, திட்டத்தின் ஒரு பகுதியில் மேம்பாடு செய்ய இயலும் என ஆணையத்துக்குத் தோன்றினால் அது திட்டத்தை மாற்றலாம் என்கிறது. இங்கே மேம்பாடு என்பது நிலத்தில் எழும் கட்டடத்தின் மதிப்பைக் குறிப்பதன்று. திட்டம் எந்த நோக்கத்துக்காக வகுக்கப்பட்டதோ அந்த நோக்கத்தை மேலும் நிறைவாக்குவதையே குறிக்கும். குடியிருப்பின் காற்றுக்கும் விளையாட்டுக்கும் என வைத்த இடத்தை எடுத்துவிடுவது திட்டத்தைக் குறைப்பதாகும். வந்தோர் யாவரும் கட்டணமின்றி நுழையும் பூங்காவும், பணம் செலுத்துவோருக்குச் சேவை தரும் தனியார் மருத்துவமனையும் ஒரே தட்டில் வைக்கத்தக்கவை அல்ல என்றும் நீதிமன்றம் கருதியது.

அதிகாரம் யாரிடம் உள்ளது என்பது அடுத்த வினா. திட்டத்தை மாற்றும் அதிகாரத்தைச் சட்டம் ஆணையத்திடம் அளித்திருக்கிறது. 65-ஆம் பிரிவின்கீழ் அரசு வழிகாட்டுதல்கள் வழங்கலாம். ஆனால் அவை சட்டத்தின் நோக்கத்தை நிறைவேற்றுவதற்கானவையாக இருக்க வேண்டும். தன் மதியால் ஆராய்ந்து முடிவெடுக்க வேண்டிய அமைப்பு, மேலிருந்து வந்த விருப்பத்துக்கு முத்திரை குத்தினால், அம்முடிவு அந்த அமைப்பினுடையது ஆகாது. குடியிருப்போரின் தகுதி குறித்த ஐயத்துக்கும் விடை கிடைத்தது. பூங்கா அவர்களுக்காக ஒதுக்கப்பட்டது. அதன் இழப்பு அவர்களையே நேரடியாகத் தாக்குகிறது. ஆகவே கேட்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. பிற்காலச் சுற்றுச்சூழல், நகர்த்திட்ட வழக்குகளில் இத்தீர்ப்பு மீண்டும் மீண்டும் மேற்கோள் காட்டப்படுவதற்கு இக்கூறு முக்கியமான காரணம்.

வழக்கு நிலுவையில் இருந்த காலத்திலேயே சட்டமன்றமும் ஓர் அடி எடுத்து வைத்தது. 1984-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்த 38அ பிரிவு, பூங்காக்களுக்கும் விளையாட்டுத் திடல்களுக்கும் ஒதுக்கிய இடத்தை ஆணையம் வேறு நோக்கத்துக்காக விற்பதையோ கைமாற்றுவதையோ தடுக்கிறது. மீறிச் செய்தால் அது செல்லாது.

ஏனைய நிலங்களுக்கு வரும் மனுக்கள் கர்நாடக நகர் ஊரமைப்புச் சட்டம், 1961-இன் வழியே செல்கின்றன. பின்னர் அதில் சேர்க்கப்பட்ட 14அ பிரிவின்படி, திட்ட அமைப்பு அரசின் முன் ஒப்புதலோடு மாற்றத்தை அனுமதிக்கலாம். மாற்றம் பொதுநலனுக்கு உகந்ததாக இருக்க வேண்டும். பிற சட்டங்களுக்கு முரணாக இருக்கக் கூடாது. முன்மொழிவை நாளிதழில் வெளியிட்டு மக்களின் ஆட்சேபணைகளைக் கோர வேண்டும். இம்மூன்றுள் முதலாவது எந்த மனுவிலும் எளிதாக எழுதப்படும் சொல். மூன்றாவதே அச்சொல்லைச் சோதிக்கும் வழி. 1976-இல் காணாமற்போனதும் அதுவே.

இவ்வழக்கைப் பூங்காவின் வெற்றியாக மட்டும் வாசிப்பது வழக்கம். மருத்துவமனை அவசியமான ஓர் ஊரில் பூங்கா நிலமே அதற்கு உரிய இடம் என மக்களைக் கேட்டு, காரணங்களைப் பதிவு செய்து, ஆணையம் தானே முடிவெடுத்திருந்தால் நீதிமன்றம் ஆராய வேண்டியிருந்த வினா வேறாக இருந்திருக்கும். கோப்பில் அத்தகைய ஆய்வின் தடயம் இருக்கவில்லை. 48 நாள்களில் எடுத்த ஒரு முடிவைச் செல்லாததாக்க 15 ஆண்டுகள் தேவைப்பட்டன. ஒரு மாத கால அறிவிப்பும் ஒரு நாள் விசாரணையும் முன்பே இருந்திருந்தால் அந்த ஆண்டுகளை அறக்கட்டளையும் இழந்திருக்காது. வேறிடத்தில் அந்த மருத்துவமனை எப்போதோ எழுந்திருக்கவும் கூடும்.