வட்ட வீட்டைத் தோண்டி எடுத்த அகதி

1930கள் வரைக்கும் இங்கிலாந்துத் தொல்லியலாளர்களில் பலர், தங்கட இரும்புக்கால முன்னோர் நிலத்தில் தோண்டிய குழிகளுக்குள் குடியிருந்தவர்கள் எண்டுதான் நம்பினார்கள். சுண்ணக்கல் நிலத்தில் ஆள் உயரக் குழிகள் கிடைத்தன. உள்ளுக்குச் சாம்பலும் எலும்பும் உடைஞ்ச சட்டிகளும் கிடந்தன. அப்ப அது வீடுதானே! மாரி காலத்தில் அதுக்குள் ஒரு இரவு படுத்துப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை போல.

இந்தக் கதையைக் கலைத்தவர் கெர்ஹார்ட் பெர்சு. ஜேர்மனியர். பிராங்பேர்ட்டில் பெரிய தொல்லியல் நிறுவனம் ஒன்றின் இயக்குநர். யூத வம்சாவளி எண்டதால் 1935இல் நாசி அரசு அவரைப் பதவியிலிருந்து தூக்கியது. 1938இலும் 1939இலும் இங்கிலாந்தின் சோல்ஸ்பரிக்குப் பக்கத்தில் லிட்டில் வூட்பரி எண்ட இடத்தை அவர் தோண்டினார். அங்கத்தையப் பழக்கம் ஒடுக்கமான அகழிகளை வெட்டிப் பார்ப்பது. பெர்சு மேல்மண்ணை அகலமாக வழித்தெடுத்தார். கம்பம் நட்ட குழிகள், மண்ணின் நிறவேறுபாடாகத் தெரிந்தன. அவற்றைத் தொடுத்துப் பார்த்தால் ஒரு வட்டம். குறுக்களவு ஏறத்தாழ 15 மீற்றர். அதுதான் வீடு. மற்றக் குழிகள் தானியம் சேமித்தவை. பழுதான பிறகு குப்பை கொட்டியிருக்கிறார்கள். குப்பைக்கிடங்கைத்தான் இவ்வளவு காலமும் வீடு எண்டு சொல்லிக்கொண்டிருந்தவை.

பிறகு யுத்தம். நாசிகள் யூதன் எண்டு துரத்திய ஆளை, 1940இல் பிரித்தானியா ஜேர்மனியன் எண்டு பிடித்து, மனைவி மரியாவோடு ஐல் ஒப் மான் தீவின் தடுப்பு முகாமில் போட்டது. முகாம் வாழ்க்கை என்னெண்டு எங்கட ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பெர்சு அங்கேயும் தோண்டினார். கூடத் தடுத்து வைக்கப்பட்டவர்கள்தான் வேலையாட்கள்; பக்கத்தில் துவக்கோடு காவல். பல்லகேகன் எண்ட இடத்தில் ஏறத்தாழ 27 மீற்றர் அகலமான வட்டக் கட்டடத்தின் அடித்தடம் வெளிப்பட்டது. முழுவதையும் புல்லோடு வெட்டிய மண்கட்டிகளால் மூடிய ஒரே கூரை எண்டு அவர் வாசித்தார். அவ்வளவு அகலத்துக்கு ஒரே கூரையா எண்டு பின்னால் வந்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். அந்தச் சந்தேகம் நியாயமானதுதான்.

தரையில் இருக்கிற ஓட்டைகள் வீட்டின் வட்டத்தைத்தான் சொல்லும். அதுக்குள் குளிர் காய முடியுமா எண்டு சொல்லாது. கட்டிப் பார்க்கத்தான் வேணும். பீற்றர் ரெனோல்ட்ஸ் 1972இல் ஹாம்ப்ஷயரில் பட்சர் பண்ணையைத் தொடங்கியது இதுக்குத்தான். 1976இல், டோர்செட்டின் பிம்பேர்ன் எண்ட இடத்தில் அகழ்ந்த அடித்தடத்தின்மேல் 12.8 மீற்றர் குறுக்களவுள்ள வீட்டை அங்கே எழுப்பினார்கள்.

ஏன் வட்டம்? கணக்குப் போட்டுப் பாருங்கோ. 100 சதுர மீற்றர் தரையைச் சுற்ற வட்டச் சுவர் எண்டால் 35.4 மீற்றர் காணும். சதுரத்துக்கு 40. ஐந்துக்கு இருபது நீள்சதுரம் எண்டால் 50. சுவர் குறைந்தால் வெளியேறுகிற சூடும் குறையும், வெட்டுகிற மரமும் குறையும். மூலை இல்லாததால் காற்றும் வழுகிப் போகும். சுவர் எங்கட வரிச்சு வீட்டு முறைதான்: தடிகளைப் பின்னி, களிமண், வைக்கல், சாணம் குழைத்து அப்புவது. ஆனால் சூட்டைப் பிடித்து வைப்பது கூரை. தடிப்பாக வேய்ந்த வைக்கலுக்குள் அகப்பட்டு அசையாமல் நிற்கிற காற்றுத்தான் அந்த வீட்டின் கம்பளி. மழை ஊறாமல் வழிய, கூரை ஏறத்தாழ 45 பாகை சரிவில் நிற்க வேணும். வெறும் தகரக் கொட்டிலுக்குள் மத்தியானம் இருந்தவைக்கு, கூரையில் காற்று அடைபட்டிருப்பதன் அருமை உடனே விளங்கும்.

புகை விசயம்தான் எனக்கு நல்லாப் பிடிச்சது. பழைய படங்களில் கூரை உச்சியில் ஒரு ஓட்டை வரைவார்கள். உண்மையில் ஓட்டை வைத்தால் அது புகைபோக்கி மாதிரி இழுக்கும். நடு அடுப்பின் பொறி மேலே பறந்து வைக்கலில் பிடிக்கும். ஓட்டை இல்லாவிட்டால் புகை தலைக்கு மேலே படலமாக நிற்கும், பொறி அதுக்குள்ளேயே அணைந்துவிடும். பிறகு புகை வேய்ச்சலுக்குள்ளால் மெல்லக் கசிந்து போகும். போகிற போக்கில் பூச்சியையும் விரட்டும். கிடுகு வேய்ந்த அடுப்படியில் வளர்ந்த அம்மம்மாவிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிசத்தில் சொல்லியிருப்பா. கண் எரிச்சலையும் சேர்த்துத்தான் சொல்லியிருப்பா.

அந்த வீடு 1990 வரைக்கும் நின்றது. கழற்றும்போது பார்த்தால், நிலத்துக்குள் நட்ட கம்பங்களில் பலதின் அடி உக்கிப் போயிருந்தது. ஆனாலும் வீடு விழவில்லை. மேலே வளையமாகக் கட்டிய மரங்கள்தான் பாரத்தைத் தாங்கி நின்றன. தொல்லியலாளர் தேடுகிற கம்பக்குழி, வீட்டுக்கு அவ்வளவு நாளும் தேவைப்படவே இல்லை.

பெர்சு 1950இல் பிராங்பேர்ட்டில் தன் பழைய கதிரைக்கே திரும்பினார்; 1964இல் இறந்தார். காவலுக்குள் இருந்து தோண்டிய மூன்று வட்ட வீடுகளைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது 1977இல், பட்சரில் அந்த வீட்டை எழுப்பி ஒரு வருசத்துக்குப் பிறகு.