மெக்சிகோ படித்த தண்ணீர்ப் பாடம்



இப்போது யார் வீட்டுக்குப் போனாலும் தண்ணீர்ச் செம்புக்கு முன்னால் கலர் பாட்டில் வந்துவிடுகிறது. அப்போதெல்லாம் எனக்கு மெக்சிகோ ஞாபகம் வரும்.

உலகில் குளிர்பானம் மிக அதிகம் குடிக்கும் நாடுகளில் அதுவும் ஒன்று. குழாய்த் தண்ணீரை நம்பிக் குடிக்க முடியாததால், தாகத்துக்கே கோலா என்று பலர் பழகிவிட்டார்கள். உடல் பருமனும் சர்க்கரை நோயும் பெருகின.

2013இல் பொதுநல அமைப்புகள் ஒரு கணக்கை மக்கள் முன் வைத்தன: 600 மி.லி. பாட்டிலில் சுமார் 12 தேக்கரண்டி சர்க்கரை! தொழில் நிறுவனங்கள் எதிர்த்தும், 2014 ஜனவரி 1 முதல் லிட்டருக்கு 1 பெசோ வரி வந்தது. முதல் ஆண்டிலேயே அந்தப் பானங்களின் விற்பனை சுமார் 6 சதவீதம் குறைந்தது. ஏழைக் குடும்பங்களில் இன்னும் அதிகம் குறைந்தது. பாட்டில் தண்ணீர் வாங்குவது கூடியது.

ஆனால் வரி மட்டும் போதாது, பள்ளிகளில் நல்ல குடிநீர் வேண்டும் என்றும் அந்த அமைப்புகள் கேட்டன. அதுதான் முக்கியமான பாடம். கைக்கெட்டும் இடத்தில் தண்ணீர் இருந்தால்தான் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பார்கள்.

நம் வீட்டுக் கணக்கையும் போடுங்கள். தினம் 20 ரூபாய் பாட்டில் ஒன்று என்றால் வருடத்துக்கு 7,300 ரூபாய். அதில் பேரப்பிள்ளைக்கு ஒரு சைக்கிளே வாங்கலாம்!

நாளை முதல் பள்ளிப் பையில் தண்ணீர் பாட்டில், விருந்தினருக்கு முதலில் பானைத் தண்ணீர். இதுதான் சாரின் வீட்டுப்பாடம். செய்தவர்கள் கீழே எழுதுங்கள்.