சாவா மூவா நிலம்

கொள்ளிடத்தின் வடபுறம், அரியலூர் மாவட்டத்தின் திருமானூர் வட்டாரத்தில் இருக்கிறது ஏலாக்குறிச்சி. அங்குள்ள அடைக்கல மாதா கோயிலுக்குத் தமிழ் இலக்கியத்தில் இடம் தேடித் தந்தவர், வீரமாமுனிவர் என்று நாம் அறிந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1680இல் இத்தாலியில் பிறந்த இந்த இயேசு சபைத் துறவி, ஊரின் பெயரைத் திருக்காவலூர் என்று மாற்றி, அந்தப் பெயரிலேயே ஒரு கலம்பகமும் பாடினார். மாதாவின் ஊருக்கு எத்தனையோ பெயர்கள் பொருந்தியிருக்கும். அவர் எடுத்துக்கொண்டது காவல் என்ற சொல்லை. அன்றைய அரியலூர், உடையார்பாளையச் சீமைகளில் காவல் என்பது ஈட்டியும் வாளும் மட்டுமல்ல. விளைந்த கதிருக்குக் காவல் உண்டு. வாய்க்கால் மடைக்குக் காவல் உண்டு. காவல்காரனுக்குக் களத்திலேயே கூலி அளந்துவிடுவார்கள். பக்திச் சொல்லாக நாம் இன்று படிக்கும் திருக்காவலூர், அந்தக் காலத்து உழவரின் காதில் வயலும் வரப்பும் சேர்ந்த சொல்லாகத்தான் விழுந்திருக்கும். சுற்றுச்சூழல் மீது கிறிஸ்தவர்கள் கொள்ளும் அக்கறை, 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் ‘லவுதாத்தோ சி’ மடலை எழுதிய பிறகு வெளியிலிருந்து வந்த புதுச் சரக்கு என்று ஒரு பேச்சு இருக்கிறது. பெரம்பலூர், அரியலூர் மண்ணின் பழக்கங்களைப் பார்த்தால் அது முழு உண்மையல்ல. இங்கே அந்த அக்கறைக்கு ஒரு பழைய அடிப்படை உண்டு. அதை இயற்கையின் மேல் கொண்ட காதல் என்று சொல்வதைவிட, கணக்கு என்று சொல்வதே பொருந்தும். முதலைத் தொடாதே, பலனை மட்டும் உண் என்ற கணக்கு.

ஏலாக்குறிச்சியின் தலக்கதை மண்ணில்தான் தொடங்குகிறது. அரியலூர்ப் பாளையத்தை ஆண்ட அரங்கப்ப மழவராயருக்கு ராஜபிளவை வந்தது என்றும், எந்த மருந்துக்கும் அது அடங்கவில்லை என்றும், வீரமாமுனிவர் மாதாவை வேண்டி அவ்விடத்து மண்ணையே எடுத்துப் பூச, புண் ஆறியது என்றும் சொல்வார்கள். மண் எடுத்த இடத்தில் ஊறிய நீர்தான் மாதா குளம் என்பது மரபு. குணமான மழவராயர் கோயிலுக்கு நிலம் விட்டார் என்று கதை முடிகிறது. அந்தக் கொடையைத் தலத்தார் 1763ஆம் ஆண்டோடு இணைக்கிறார்கள். வீரமாமுனிவரோ 1747இல் கேரளத்து அம்பழக்காட்டில் இறந்துவிட்டார். இந்தப் பதினாறு ஆண்டு இடைவெளியைக் காட்டிக் கதையைத் தள்ளிவிடுவது எளிது. ஆனால் மரபுக்கதையில் வரலாற்றாசிரியன் தேட வேண்டியது நாளும் நாழிகையும் அல்ல, அதைச் சொன்னவர்கள் எவற்றை ஒன்றாகக் கோத்தார்கள் என்பதுதான். நோய் தீர்த்த மண், அதில் ஊறிய குளம், அதற்கு ஈடாக விட்ட நிலம் என மூன்றும் இந்தக் கதையில் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கின்றன. பொன்முடியும் வெள்ளித் தேரும் கொடுத்ததாகச் சொல்லாமல், நிலம் விட்டதையே ஊர் நினைவில் வைத்திருக்கிறது.

நிலம் விடுவது என்றால் என்ன என்பதை இந்த வட்டாரம் கிறிஸ்தவம் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தது. பழுவேட்டரையர்கள் ஆண்ட கீழப்பழுவூரும் மேலப்பழுவூரும், முதலாம் ராசேந்திரன் தலைநகராக்கிய கங்கைகொண்ட சோழபுரமும் இதே மாவட்டத்தில்தான் உள்ளன. சோழர் காலத்தில் கோயிலுக்கு நந்தா விளக்கு வைப்பவர், எண்ணெய்க்கோ நெய்க்கோ காசைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. தொண்ணூறு, தொண்ணூற்றாறு என்று ஆடுகளைக் கொடுத்தார். அவற்றைக் கல்வெட்டு ‘சாவா மூவாப் பேராடு’ என்று குறிக்கும். ஆடு சாகாதா, மூப்படையாதா என்று கேட்டால், ஒவ்வொரு ஆடும் சாகும், மந்தை சாகாது என்பதுதான் விடை. குட்டி ஈன்று இழப்பை நிரப்பிக்கொண்டே போக, எண்ணிக்கை குறையாமல் காப்பது இடையனின் பொறுப்பு. நெய் மட்டும் விளக்குக்குப் போகும். பொன்னாகக் கொடுத்தாலும் இதே முறைதான்: முதலில் கைவைக்காமல் பொலிசையில், அதாவது வட்டியில், காரியம் நடக்கும். வளங்குன்றா வளர்ச்சி என்று இன்று மாநாட்டு மேடைகளில் பேசப்படுவதை, ஓர் ஆட்டு மந்தையை வைத்து நம் முன்னோர் எழுதி முடித்துவிட்டார்கள். நிலக்கொடையும் அதே வகை. வயலை விற்றுத் திருவிழா நடத்த முடியாது. விளைச்சலில்தான் நடத்த வேண்டும். அடுத்த ஆண்டும் திருவிழா வேண்டுமென்றால் வயல் கெடாமலும் ஏரி தூர்ந்துபோகாமலும் இருக்க வேண்டும். கோயிலின் வழிபாடு அந்த ஊரின் மண் வளத்தோடு பிணைக்கப்பட்டது இப்படித்தான். மழவராயர் மாதா கோயிலுக்கு நிலம் விட்டபோது, இந்தப் பழைய பிணைப்புக்குள் ஒரு புதிய சமயம் சேர்த்துக்கொள்ளப்பட்டது.

அந்தச் சமயமும் மண்ணை மறுத்துக்கொண்டு வரவில்லை. 1726இல் முடிந்ததாகக் கருதப்படும் வீரமாமுனிவரின் ‘தேம்பாவணி’ 3615 பாடல்கள் கொண்ட காப்பியம். தலைவன் சூசை முனிவர், களம் யூதேயா. ஆனால் தமிழ்க் காப்பிய முறைப்படி அது நாட்டுப் படலத்தில் தொடங்கி நகரப் படலத்துக்கு வருகிறது. மேகம் எழுந்து, மழை பொழிந்து, வெள்ளம் பெருகி, வயல் நிறைந்த பிறகுதான் கதைக்குள் மனிதர்கள் நுழைகிறார்கள். வறண்ட யூதேயாவைக் காவிரிச் சீமை போலப் பாடிவிட்டார் என்று இதைப் புலமைக் குறும்பாகப் படிப்பவர்கள் உண்டு. இலக்கண நெறியை நிறைவேற்றினார், அவ்வளவுதான் என்றும் சொல்லலாம். எனக்கு அது இரண்டுக்கும் மேலாகத் தோன்றுகிறது. நாட்டுக்கு மழையையும் ஆற்றையும் முதலில் சொல்லி மனிதனைப் பிறகு சொல்லும் வரிசை, ஓர் இறையியல் முடிவாகவும் இருக்கிறது. மீட்பின் கதை வானத்தில் தொங்காமல் ஒரு நாட்டின் நீரில் காலூன்றி நிற்க வேண்டும் என்பதை, தமிழ் மரபிடமிருந்து அவர் பெற்றுக்கொண்டார்.

இங்கே ஒரு தடை எழும். பதினெட்டாம் நூற்றாண்டுக் குருவுக்கும் பாளையக்காரருக்கும் சூழலியல் என்ற எண்ணமே கிடையாது. இன்றைய கவலையை அவர்கள் தலையில் ஏற்றுவது வரலாறாகாது என்பார்கள். எண்ணம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வழக்கம் என்பது எண்ணத்தால் மட்டும் வேலை செய்வதில்லை. ஏரிக்கு வாரியம் வைத்த உத்திரமேரூர்ச் சபையார் ‘நீர்ச்சூழல் பாதுகாப்பு’ என்று நினைத்துக்கொண்டு அதைச் செய்யவில்லை. ஏரி உடைந்தால் சோறு இல்லை என்பதால் செய்தார்கள். அதனால் ஏரி காக்கப்படவில்லை என்று ஆகிவிடாது. திருமானூர் வட்டாரத்திலேயே உள்ள கரைவெட்டி ஏரி பாசனத்துக்காகத்தான் பேணப்பட்டது. அதன் நீரை நம்பிப் பறவைகள் வந்தன. 1999இல் அது சரணாலயமானது. 2024 சனவரியில் ராம்சார் பட்டியலிலும் ஏறியது. பயன்பாட்டுக்கு விதித்த வரம்பே காப்பாக மாறுவதற்கு இதைவிட அருகில் வேறு சான்று வேண்டாம்.

இன்னொரு தடை கனமானது. 1967இல் அமெரிக்க வரலாற்றாசிரியர் லின் வொயிட், ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையில், இயற்கையை மனிதன் அடக்கி ஆளலாம் என்ற துணிவை மேற்குலகுக்குத் தந்ததே கிறிஸ்தவம்தான் என்று குற்றம் சாட்டினார். விவிலியத்தின் தொடக்க நூலில் முதல் அதிகாரம் ஆளுகையைப் பேசுகிறது, உண்மைதான். அடுத்த அதிகாரம் தோட்டத்தை உழுது காக்கும் பணியைப் பேசுகிறது. எந்த அதிகாரத்தை வாழ்ந்து காட்டினார்கள் என்பது ஊருக்கு ஊர் மாறும். ஏலாக்குறிச்சி தன் பெயரிலேயே இரண்டாம் அதிகாரத்தின் பக்கம் நின்றது என்று பெருமை பேசிவிடலாம். ஆனால் அந்தக் காவல் யாருடைய உழைப்பில் நடந்தது என்றும் கேட்க வேண்டும். பழைய மதுரை மறைப்பணித் தளத்தில் மேற்சாதியாரிடையே பணிசெய்த குருக்கள் வேறு, ஒடுக்கப்பட்டவர்களிடம் போகப் பண்டாரசாமிகள் வேறு என்று பிரிவு இருந்தது. கோயிலுக்கு மானிய நிலம் இருந்தாலும், சேற்றில் இறங்கிய கிறிஸ்தவர்களில் பெரும்பாலோருக்குச் சொந்தமாகக் காணி இல்லை. முதலைக் காத்தவர்கள் கூலிக்காரர்களாகவும், பலனை உண்டவர்கள் வேறு ஆட்களாகவும் இருந்ததுண்டு. இந்தக் கணக்குப் பிழை பழங்கதையும் அல்ல. 2017இல் பெரம்பலூர் மாவட்டத்துப் பருத்திக் காடுகளில் பூச்சிமருந்து அடித்தவர்கள் அந்த நஞ்சை மூச்சில் இழுத்து இறந்தார்கள். மண்ணுக்கு வந்த கேடு முதலில் கூலி ஆளின் நெஞ்சுக்குள் போனது. மண்ணைக் காப்பது பற்றிப் பேசும் பிரசங்கம், மருந்து டேங்கை முதுகில் சுமப்பவரின் நுரையீரலைப் பேசாவிட்டால் அது பாதிப் பிரசங்கம்தான்.

இனி இந்த வட்டாரத்தின் பெரிய கணக்குக்கு வருவோம். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த நிலப்பகுதி கடலாக இருந்தது. காரை, உத்தத்தூர் என்று எங்கு தோண்டினாலும் அந்தக் கடலின் தடயம் கிடைக்கும். பெரம்பலூர் மாவட்டச் சாத்தனூரில் கல்லாகிப்போன மரம் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. 1940இல் அதை வெளியுலகுக்கு அறியச் செய்தவர் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன். கடல் உயிர்களின் ஓடு படிந்து உண்டான சுண்ணாம்புக்கல்தான் இன்று அரியலூரைச் சிமெண்ட் நகரமாக்கியிருக்கிறது. ஆலைகள் வருமுன்பும் மனிதன் சுண்ணாம்பைச் சுட்டான். கோயில் கட்டக் காளவாயில் நீற்றி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டு அரைத்துப் பூசினான். அந்தச் சுவர் பழுதானால் மறுபடி பூசினான், பெரும்பாலும் இடிக்கவில்லை. சாவா மூவாப் பேராட்டின் கணக்கு இங்கே அப்படியே பொருந்தாது, ஏனென்றால் சுண்ணாம்புக்கல் குட்டி போடுவதில்லை. அது பொலிசையே இல்லாத முதல். எடுக்கும் ஒவ்வொரு கூடையும் முதலிலிருந்துதான் போகிறது. தூய சுண்ணாம்புக்கல் ஒரு டன்னைச் சுட்டால், எரிபொருளின் புகையைக் கணக்கில் சேர்க்காமலே, 440 கிலோ கரியமில வாயு அந்தக் கல்லிலிருந்து மட்டும் வெளியேறும். சூளைக்காரர் கைக்கு எட்டிய அளவு வேறு, வெடிவைத்துப் பல ஏக்கர் பரப்பில் குடையும் சுரங்கத்தின் அளவு வேறு. குறைந்தபட்சம் அளவைக் காப்பதுதான் இங்கே காவல்.

ஆலை இல்லாவிட்டால் இந்த மானாவாரி மண்ணில் பிழைப்பு ஏது என்று கேட்பவர்களை அலட்சியப்படுத்தக் கூடாது. கரிசலில் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் வானத்தைப் பார்த்துத்தான் விளைகின்றன. லாரி ஓட்டுநரும் ஒப்பந்தத் தொழிலாளரும் அதே பங்கில் ஞாயிறு திருப்பலிக்கு வருபவர்கள். ஆலையை மூடு என்று பீடத்தில் நின்று சொல்வது அவர்கள் சோற்றில் கைவைப்பது. ஆனால் தோண்டி முடித்த பள்ளத்தை என்ன செய்வது, தூசி படியும் வயலுக்கு யார் பொறுப்பு, கொள்ளிடத்து மணலை எந்த ஆழம் வரை அள்ளலாம் என்ற கேள்விகள் ஆலைக்கோ அரசுக்கோ எதிரானவை அல்ல. முதலைக் காக்கும் கேள்விகள். இவற்றைக் கேட்கும் திருச்சபை முதலில் தன் கணக்கைக் காட்ட வேண்டும். பழுது பார்த்தால் இன்னும் நூறாண்டு நிற்கும் ஓட்டுக் கோயிலை இடித்துவிட்டுக் கான்கிரீட் மாளிகை எழுப்பும் ஆசை பல பங்குகளில் உண்டு. கிறிஸ்தவர் அரியலூரின் பள்ளத்தைப் பார்த்து வருந்துகையில், அந்தப் பள்ளத்தின் ஒரு பகுதி தம் கோயிலின் கோபுரமாக நிற்பதையும் பார்க்க வேண்டும்.

வழிபாட்டுக்குள்ளேயே இதற்கு இடம் இருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டில் பிரான்சின் வியென் நகர ஆயர் மமெர்த்துஸ் தொடங்கிய மன்றாட்டு நாள்களில், மக்கள் வயல்களைச் சுற்றிப் பவனி போனார்கள். 1969இல் வழிபாட்டு நாள்காட்டி திருத்தப்பட்டபோது, அந்த நாள்களை எப்போது, எப்படிக் கொண்டாடுவது என்பதை உரோமை அந்தந்த நாட்டு ஆயர் பேரவைகளிடம் விட்டது. தமிழ்க் கத்தோலிக்கர் அந்த இடத்தில் பொங்கலைக் கொண்டுவந்து பீடத்தின் முன் புதுநெல்லும் கரும்பும் வைக்கிறார்கள். தென்னிந்தியத் திருச்சபையார் அறுப்பின் பண்டிகையில் விளைச்சலைக் காணிக்கையாக்கி ஏலம் விடுகிறார்கள். களத்தில் நெல்லைக் குவித்து ‘பொலி’ என்று சொல்லும் உழவரின் சொல்லும், கல்வெட்டின் பொலிசையும் ஒரே வேரில் பிறந்தவை. பலனை மேடைக்குக் கொண்டுவரும் வழக்கம் நம்மிடம் குறைவின்றி இருக்கிறது. முதலைக் கணக்குக் காட்டும் வழக்கம்தான் நடுவில் விட்டுப்போனது. ஏரியில் எத்தனை அடி தூர் சேர்ந்திருக்கிறது, கோயில் நிலத்தின் கிணறு எத்தனை அடி கீழே போயிருக்கிறது, அந்த நிலத்தில் உழைப்பவருக்கு என்ன கூலி என்பதை அதே பொங்கல் நாளில் ஊரறியப் படித்தால், அது மன்றாட்டுக்குக் குறைந்ததாகாது. சோழர் காலத்து இடையன் விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்து நின்றுவிட முடியாது. மந்தையை எண்ணிக் காட்ட வேண்டும். காவலூர் என்று பெயர் வாங்கிய ஊரும் எண்ணிக் காட்டக் கடமைப்பட்டதே.